முழு மனிதரும் ஒரு கண்ணாடிச் சில்லும்

தண்ணீர் வாரியத்தில் வேலை பார்த்த மீட்டர்காரர் ஒருவருக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி வாக்கில், இடது குதிகாலில் கண்ணாடிச் சில்லு ஏறியது. இது ஒன்றும் வரலாற்று நிகழ்ச்சி அல்ல. யாரோ ஒரு புண்ணியவான் மீட்டர் குழிக்குள் பாட்டிலை உடைத்துப் போட்டிருந்தார். இவர் மூடியைத் தூக்கிவிட்டு, எண்ணைக் குறித்துக்கொள்ளக் குழியில் காலை வைத்தார். தேய்ந்த செருப்பைத் துளைத்துக்கொண்டு சில்லு உள்ளே போய், முனை முறிந்து, அங்கேயே குடியேறிவிட்டது.

இருபத்திரண்டு வருட சர்வீசில் அவர் காலில் ஏறாத பொருள் கிடையாது. ஆணி, முள், தகரம், சைக்கிள் கம்பி, ஒருமுறை யாருடைய பொய்ப்பல்லோ. ஒவ்வொரு முறையும் வாரிய அலுவலகத்தின் பின்பக்கம் இருந்த மருந்தகத்துக்கு நொண்டிக்கொண்டு போவார். அங்கே இருந்த நர்ஸம்மா அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, முள்வாங்கியால் ஒரே இழுப்பாக இழுத்து, மருந்தைத் தடவி, "கண்ணை எங்க வெச்சுக்கிட்டு நடக்குறீங்க?" என்று திட்டி அனுப்புவார். திட்டையும் சேர்த்து மொத்தம் நாலு நிமிடம்.

இந்த முறையும் அதே நம்பிக்கையில்தான் போனார். ஆனால் மருந்தகம் இருந்த இடத்தில் மருந்தகத்தைக் காணோம். சுவருக்கு இளம்பச்சை அடித்திருந்தார்கள். வாசலில் மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே 'முழு மனித நல ஒருங்கிணைந்த அணுகுமுறைகள் ஆய்வு மையம்' என்று ஒரு பலகை. அதன் கீழே கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ஒரு சுற்றறிக்கை:

'இதுநாள்வரை நமது ஊழியர்கள் தலை, வயிறு, முதுகு, கால் என உறுப்புவாரியாகத் துண்டாடப்பட்டுச் சிகிச்சையளிக்கப்பட்டு வந்த அவலநிலை மேலிடத்தின் கனிவான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டதைத் தொடர்ந்து, இனி எந்த ஊழியரும் உறுப்பாகப் பார்க்கப்படமாட்டார். முழு மனிதராக மட்டுமே பார்க்கப்படுவார் என இதன்மூலம் ஆணையிடப்படுகிறது.'

படித்தபோது மீட்டர்காரருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் வாரியம் அவரை மனிதராகப் பார்த்ததே இல்லை. அதிலும் முழு மனிதர் என்றால் சும்மாவா? பெருமையோடு நொண்டிக்கொண்டே உள்ளே போனார்.

உள்ளே அவரை வரவேற்றவர் ஒருங்கிணைப்பு அலுவலர். எல்லோரும் அவரை ஒருங்கிணைப்பு மேடம் என்றார்கள். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் பேசினால் எதிரில் இருப்பவருக்குத் தூக்கம் வரும்.

"சொல்லுங்க ஐயா. இன்னிக்கு உங்க முழுமை எப்படி இருக்கு?"

"முழுமை எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். குதிகால்லதான் கண்ணாடி ஏறிடுச்சு."

மேடத்தின் முகம் வாடியது. "குதிகால்னு பிரிச்சுப் பேசாதீங்க ஐயா. அது பழைய பார்வை. நீங்க வேற, உங்க குதிகால் வேறயா?"

"வேற இல்ல மேடம். அதனாலதான் வலிக்குது."

"அந்தக் குதிகால் உங்ககிட்ட என்ன சொல்ல வருதுன்னு எப்பவாவது கேட்டுப் பாத்திருக்கீங்களா?"

"கேக்கவே வேண்டாம் மேடம். கண்ணாடி இருக்குன்னு கத்துது."

மேடம் ஒரு தாளில் 'ஊழியர் தன் உடலோடு மோதல் நிலையில் உள்ளார்' என்று எழுதிக்கொண்டார்.

நர்ஸம்மா எங்கே என்று மீட்டர்காரர் கண்ணால் தேடினார். நர்ஸம்மாவை மௌன அறைக்குப் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். யாரும் பேசாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலை. முப்பது வருடம் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தவர், வாயில் விரலை வைத்தபடி ஒரு கதவோரம் உட்கார்ந்திருந்தார். மீட்டர்காரர் நொண்டுவதைப் பார்த்ததும் அவர் கை தன்னாலே மேஜை இழுப்பறைக்குப் போய்விட்டு, வெறுமையாகத் திரும்பி வந்தது. பிறகு கூடத்தின் மூலையைக் கண்ணால் காட்டினார். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வெல்வெட் துணிமேல் நர்ஸம்மாவின் முள்வாங்கி, கத்தரிக்கோல், ஊசி, மருந்துப் புட்டி எல்லாம் வரிசையாகப் படுத்திருந்தன. 'மனிதரைத் துண்டாகப் பார்த்த காலத்தின் கருவிகள்' என்று ஒரு சீட்டு. பெட்டிக்குப் பூட்டு. சாவி இயக்குநரிடம்.

மையத்தின் இயக்குநர் லேசுப்பட்டவர் அல்ல. இதற்கு முன்னால் வாரியத்தின் குழாய் இணைப்புப் பிரிவில் பதினாறு வருடம் இருந்தவர். இணைப்பதில் அனுபவம் உள்ளவர் என்பதால் ஒருங்கிணைந்த அணுகுமுறைகளையும் அவரிடமே ஒப்படைத்தார்கள். வெளிநாட்டில் மூன்று நாள் மாநாட்டுக்குப் போய்விட்டு, கழுத்தில் ஒரு மரமணி மாலையோடு திரும்பி வந்திருந்தார். அந்த மாநாட்டில் நிஜமாகவே விஷயம் தெரிந்தவர்கள் நாலு பேர் நல்லதாக நாலு வார்த்தை பேசியிருக்கலாம். இவர் கொண்டுவந்தது மாலையை மட்டும்தான்.

"உங்களை மாதிரி ஒருத்தருக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தோம்" என்றார் இயக்குநர். "எங்க ஆய்வுல நீங்கதான் முதல் பங்கேற்பாளர். ஏழு அணுகுமுறை. ஏழையும் ஒரே நேரத்துல உங்களுக்குக் கொடுக்கப் போறோம்."

"ஏழும் ஒண்ணாக் கொடுத்தா, எதனால குணமாச்சுன்னு எப்படி சார் தெரியும்?" மீட்டர்காரர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அதனால்தான் இப்படி ஒரு கேள்வி அவருக்குத் தோன்றியது.

இயக்குநர் சிரித்தார். "பிரிச்சுப் பாக்குற புத்தி போகவே மாட்டேங்குது பாருங்க. ஒருங்கிணைச்சதைப் பிரிச்சா அப்புறம் எதுக்கு ஒருங்கிணைக்கணும்?"

"சரி சார். காலை ஒரு படம் எடுத்துப் பாத்தா, சில்லு எங்க இருக்குன்னாவது..."

"படத்துல கால் மட்டும்தானே விழும்? மீதி மனிதர் எங்க போவார்?"

இதில் இருந்த நியாயம் மீட்டர்காரருக்கு உடனே விளங்கவில்லை. ஆனால் மையம் பிடிவாதமான மையம் அல்ல. படம் கேட்டாரே என்று, ஒரு புகைப்படக்காரரை வரவழைத்து, மூங்கில் குழாய் பக்கத்தில் நிற்கவைத்து, தலை முதல் கால் வரை முழு உருவப் படம் எடுத்துக் கோப்பில் வைத்தார்கள். படத்தில் அவர் செருப்பு போட்டிருந்தார்.

இத்தனை கூத்தையும் உதறிவிட்டு அவர் வேறு எங்காவது போயிருக்கலாமே என்று தோன்றும். போக முடியாதபடிக்குச் சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கம் இருந்தது. நடந்து வேலை செய்யும் ஊழியர் யாருக்காவது அடிபட்டால், பன்னிரண்டு வாரத்துக்குள் 'முழு நலச் சான்றிதழ்' கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் நடைப்பணிப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். சான்றிதழை மையம் மட்டுமே கொடுக்கும். நூற்றுக்கு எண்பது மதிப்பெண் எடுத்தால்தான் கொடுக்கும். நடுவில் வெளியே எங்கேயாவது போய் மருந்து வாங்கினால் ஆய்வு கெட்டுவிடும். ஆய்வு கெட்டால் சான்றிதழ் கிடையாது. மீட்டர்காரருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டு மீட்டர் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். அதை விட்டால் வேறு தொழில் தெரியாது. வயது நாற்பத்தாறு. பெண் காலேஜில் முதல் வருடம். பட்டியலில் பெயர் போனால் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும். பேசாமல் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துகொண்டார்.

சேர்ந்த அன்று அவரை எடை போட்டார்கள், எழுபத்தொரு கிலோ. இருநூற்று நாற்பது கேள்வி கேட்டார்கள். வானத்தைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது, போன வாரம் எத்தனை முறை மனம்விட்டுச் சிரித்தீர்கள், உங்களை ஒரு மரமாக நினைத்தால் எந்த மரம். கால் சம்பந்தமாக இருநூற்று நாற்பதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: 'நீங்கள் பூமியில் காலூன்றி நிற்பதாக உணர்கிறீர்களா?' மீட்டர்காரர் யோசித்துவிட்டு, "வலது காலை மட்டும்" என்றார். அரை மதிப்பெண் போட்டார்கள். மொத்தம் நாற்பத்தொன்று.

பிறகு அணுகுமுறைகள் ஆரம்பித்தன. முதல் அறையில் அவரைப் படுக்கவைத்துச் சுற்றிலும் வெண்கலக் கிண்ணங்களைத் தட்டினார்கள். இரண்டாவது அறையில் மூச்சை இழுத்துப் பிடித்து, விடச் சொல்லும்வரை விடக்கூடாது. சொல்ல வேண்டியவர் ஒருநாள் டீ குடிக்கப் போய்விட்டார். மூன்றாவது வாசனை அறை. நாலாவது அறையில் ஊசி குத்தினார்கள். காதில் பதினொன்று, நெற்றியில் மூன்று, கட்டைவிரலில் ஒன்று. குதிகாலில் ஒன்றுகூட இல்லை. ஊசி போடுபவரிடம் மீட்டர்காரர் கெஞ்சிப் பார்த்தார். "ஊசிதான் கையிலேயே இருக்கே ஐயா, அப்படியே அந்தச் சில்லைக் கொஞ்சம் நெம்பி விட்டுடுங்களேன்." அவர் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசுங்க. அது சிகிச்சை. இங்க அணுகுமுறை மட்டும்தான்."

ஐந்தாவது மௌன அறை. ஆறாவது அறையில் நன்றி நோட்டு எழுத வேண்டும். தினமும் மூன்று பேருக்கு அல்லது மூன்று பொருளுக்கு நன்றி. ஒரு வாரத்தில் மீட்டர்காரருக்குத் தெரிந்த ஆட்கள் தீர்ந்துபோய், குழாய் வால்வுகளுக்கு நன்றி எழுத ஆரம்பித்தார். கண்ணாடிச் சில்லுக்கு நன்றி எழுதினால் இரண்டு மதிப்பெண் கூடுதல் என்று மேடம் ஜாடையாகச் சொன்னார். அதையும் எழுதினார். மனிதனுக்கு வேலை முக்கியம்.

ஏழாவதுதான் கொடுமை. கொல்லையில் முப்பது அடி நீளத்துக்குக் கூழாங்கல் பரப்பி வைத்திருந்தார்கள். மண்ணோடு உள்ள தொடர்பைப் புதுப்பிக்க அதில் வெறுங்காலோடு நடக்க வேண்டும், தினமும் ஒன்பதேகாலுக்கு. குதிகாலில் கண்ணாடியோடு மீட்டர்காரர் முதல் அடி வைத்ததும் போட்ட கூச்சலில் மூங்கில் குழாய் மேல் உட்கார்ந்திருந்த காக்கா பறந்துவிட்டது. மேடம் மகிழ்ந்துபோனார். 'அடக்கி வைத்த உணர்ச்சிகள் தடையின்றி வெளிப்படுகின்றன' என்று எழுதி ஐந்து மதிப்பெண் போட்டார். மறுநாள் அதைவிடச் சத்தமாகக் கத்தினார். ஆறு மதிப்பெண்.

இப்படியாக மதிப்பெண் ஏறியது, காலும் வீங்கியது. ஐந்தாவது வாரம் குதிகால் புரையோடிச் சிவந்தது. வீங்கிய காலோடு எடை பார்த்தபோது அரைக் கிலோ கூடியிருந்தது. ஊட்டம் என்ற தலைப்பில் இரண்டு மதிப்பெண். எட்டாவது வாரம் காய்ச்சல் வந்தது; உள்ளாற்றல் உயர்வு என்று மூன்று மதிப்பெண். வலியில் படுத்தால் எழ முடியாமல் கிடந்ததற்கு, ஆழ்ந்த ஓய்வு என்று நாலு. பதினோராவது வாரக் கடைசியில் மீட்டர்காரர் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு மையத்துக்குள் நுழைந்தார். அன்று அவர் மதிப்பெண் எழுபத்தெட்டரை. உறவுகளின் ஆதரவுக்கு மட்டும் முழு மதிப்பெண்.

"இன்னும் ஒண்ணரைதான் ஐயா" என்றார் மேடம் கண் கலங்கி. "இவ்வளவு ஆரோக்கியமான ஒருத்தரை நான் பாத்ததே இல்ல."

வீட்டில் அவர் மனைவி இந்த எழுபத்தெட்டரையைக் கேட்டுவிட்டு அவர் காலருகே உட்கார்ந்தார். காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். பிரித்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"உங்களுக்குக் காலு வேணுமா, சான்றிதழ் வேணுமா?"

"ரெண்டும் வேணும்."

"இப்படியே இன்னும் ஒரு வாரம் போனா காலே இருக்காது. அப்புறம் சான்றிதழைக் கட்டிக்கிட்டு நடங்க."

"வெளியில காட்டினா ஆய்வு கெட்டுடும்டி."

"நான் வெளியில காட்டல. எங்க அண்ணனைக் கூப்பிடுறேன். அவர் டாக்டரா என்ன?"

மனைவியின் அண்ணன் டாக்டர் இல்லைதான். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் அளவுக்கு ஒரு கடை வைத்து வாட்ச் ரிப்பேர் செய்பவர். முப்பது வருடம் குனிந்தே இருந்ததில் கழுத்து ஒரு பக்கமாக நின்றுபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தன் சின்ன இடுக்கியையும் ஒற்றைக்கண் லென்ஸையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"காலைத் தூக்கி முக்காலி மேல வை மாப்ளே."

"மெதுவா மச்சான்."

"லேடீஸ் வாட்ச்ல மயிரை விட மெல்லிசா ஸ்பிரிங் இருக்கும், அதையே எடுக்குறேன். உன் கால் என்ன, லாரி டயர் மாதிரி இருக்கு."

இடுக்கியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தார். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் காலைத் திருப்பினார். மீட்டர்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "ம்... ம்... இருக்கு... ஆடாதே..." என்று மச்சான் முனகுவது கேட்டது. சுருக்கென்று ஒரு வலி. அவ்வளவுதான். ஒரு அரிசி நீளத்துக்குப் பச்சைக் கண்ணாடிச் சில்லு இடுக்கி முனையில் இருந்தது. சீழும் ரத்தமும் வழிந்து ஓடி, கால் லேசானது. மனைவி வெந்நீரால் கழுவிக் கட்டுப் போட்டார். பதினோரு வாரத்தில் முதல் தடவையாக மீட்டர்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு மச்சான்?"

"ரெண்டு. அதுல ஒரு நிமிஷம் லென்ஸ் தொடைச்சேன்."

மறுநாளும் அதற்கு மறுநாளும் வீக்கம் வடிந்தது. புதன்கிழமை மீட்டர்காரர் யாருடைய தோளையும் பிடிக்காமல் இரண்டு காலாலும் நடந்து மையத்துக்குப் போனார். சில்லை ஒரு தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டார். மேடத்திடம் காட்டினால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தார். அத்தனை வாரம் அங்கே இருந்தும் அவர் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

தீப்பெட்டியைத் திறந்து பார்த்த மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"என் கால்ல இருந்தது மேடம்..."

"உங்க காலா? அது ஆய்வுல இருந்த கால்!"

அரை மணி நேரத்தில் ஐந்து பேர் குழு அவசரமாகக் கூடியது. மீட்டர்காரரை நடுவில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். அது நர்ஸம்மாவின் பழைய ஸ்டூல். இயக்குநர் மரமணியை உருட்டிக்கொண்டே பேசினார்.

"பதிவு பண்ணின அன்னிக்கு இவர் எடை எழுபத்தொண்ணு. அதுல சில்லும் சேர்த்தி. முழு உருவப் படம் எடுத்தோம். அதுலயும் சில்லு உள்ள இருக்கு. ஆக, நம்ம பதிவேட்டின்படி முழு மனிதர்ங்கறது இவரும் சில்லும் சேர்ந்ததுதான். இப்ப அதுல ஒரு பகுதி போயிடுச்சு. மிச்சம் இருக்குறவரை முழு மனிதர்னு நான் எப்படிச் சான்றிதழ் கொடுப்பேன்?"

கிண்ணம் தட்டுகிறவர் தலையசைத்தார். "சட்டப்படி இவர் இப்ப குறை மனிதர்."

"சில்லுதான் தீப்பெட்டியில பத்திரமா இருக்கே" என்றார் வாசனை அறைக்காரர். "திரும்ப வெச்சுட்டா என்ன?"

மீட்டர்காரர் காலைச் சட்டென்று ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். நிபுணர் கருத்து வேண்டும் என்று மௌன அறையிலிருந்து நர்ஸம்மாவை அழைத்தார்கள். விஷயத்தைக் கேட்டதும், மூன்று மாதமாக வாயில் இருந்த விரலை அவர் எடுத்தார்.

"எதை, இந்தச் சில்லையா? உங்கள்ல யாருக்கு வேணும்னாலும் வெச்சு விடுறேன். சாவியைக் கொடுங்க, முள்வாங்கியை எடுக்குறேன். யார் மொதல்ல காலை நீட்டுறீங்க?"

'நர்ஸ் மாற்றுக் கருத்துத் தெரிவித்தார்' என்று குறிப்பு எழுதப்பட்டது. அவரை மறுபடி மௌனத்துக்கு அனுப்பினார்கள்.

தீர்மானம் எழுதப்போகும் நேரத்தில் மேலிடத்திலிருந்து போன் வந்தது. மையத்துக்கு அமோக வரவேற்பு என்று மேலிடமே முடிவு செய்துவிட்டதாம். அடுத்த மாதம் இன்னும் நாலு ஊரில் மையம் திறக்கப் போகிறார்களாம். திறப்பு விழா மலரில் போட, குணமான ஒரு ஆள் வேண்டுமாம், படத்தோடு. இயக்குநர் போனை வைத்துவிட்டு மரமணியை இரண்டு சுற்று உருட்டினார். மையத்தில் அதுவரை குணமானவர் என்று யாரும் கிடையாது. பிறகு அவர் பார்வை மெல்ல இறங்கி மீட்டர்காரரின் பாதத்தில் வந்து நின்றது.

"கொஞ்சம் நடந்து காட்டுங்க, பாப்போம்."

மீட்டர்காரர் நடந்தார்.

"திரும்பி நடங்க."

திரும்பி நடந்தார்.

"என்ன அழகா நடக்குறார்!" என்றார் இயக்குநர். "பதினோரு வாரம் ஏழு அணுகுமுறையும் கொடுத்ததுல உடம்பே தயாராகி, அந்நியப் பொருளைத் தானாகவே வெளியேத்தியிருக்கு. இதுதான் நடந்தது. இல்லையா?"

"மச்சான் இடுக்கியால எடுத்தார் சார்."

"மச்சான் வெளியில இருந்து வந்தவரா? குடும்பம். குடும்பச் சூழல் நம்ம கேள்வித்தாள்ல இருக்கு. அவரும் அணுகுமுறைக்குள்ள அடக்கம்."

மேடம் கேள்வித்தாளை எடுத்துவந்தார். காலூன்றி நிற்கும் கேள்விக்கு இப்போது மீதி அரை மதிப்பெண் கிடைத்தது. எழுபத்தொன்பது. இன்னும் ஒன்றுதான் குறை. இருநூற்று நாற்பதாவது கேள்வி காலியாக இருந்தது: 'உங்கள் நலத்துக்கு யாருக்கு நன்றி சொல்வீர்கள்?'

மீட்டர்காரர் 'மச்சான்' என்று எழுதினார்.

மேடம் அதைப் பார்த்தார். கோபப்படவில்லை. "இதுக்கு சைபர்தான் வரும் ஐயா" என்றார் கனிவாக. "மையம்னு எழுதினா ஒண்ணு வரும். வர்ற செவ்வாய்க்கிழமையோட உங்க பன்னிரண்டு வாரம் முடியுது."

முந்நூற்றுப் பன்னிரண்டு வீடும், பெண்ணின் காலேஜும், மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுததும் அவர் கண்முன் வந்து போயின. மச்சானின் கோணல் கழுத்தும் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. 'மச்சான்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, 'மையம்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். சில்லை அவர் கையிலிருந்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, முள்வாங்கிக்குப் பக்கத்தில் வெல்வெட் மேல் வைத்துப் பூட்டினார்கள்.

வேலை மிஞ்சியது. மீட்டர்காரர் பழையபடி மூடியைத் தூக்கி, பார்த்துக் காலை வைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். பேப்பரில் அவர் படம் வந்தது. மூங்கில் குழாய் பக்கத்தில் செருப்போடு நிற்கும் அதே படம். 'நடக்க முடியாதவர் நடக்கிறார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போகிற வீட்டிலெல்லாம், "நீங்கதானே அது?" என்று கேட்டார்கள். முதல் பத்து வீட்டில் நடந்ததை உள்ளபடி சொன்னார். யாரும் நம்பவில்லை, அடக்கத்தால் மறைக்கிறார் என்று பாராட்டினார்கள். பதினோராவது வீட்டிலிருந்து, "ஆமாங்க, நான்தான்" என்று சொல்ல ஆரம்பித்தார். வேலை சீக்கிரம் முடிந்தது.

ஒரு மாதம் கழித்து மையத்தின் மீட்டரைப் படிக்கும் முறை வந்தது. பேப்பரில் வந்த பிறகு வெளியாட்களையும் சேர்த்துக்கொண்டதில், வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை நின்றது. வயிற்றைப் பிடித்தவர், பல்லைப் பிடித்தவர், குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவர், எல்லோர் கையிலும் டோக்கன். வரிசையின் நடுவில் ஒரு கோணல் கழுத்தைப் பார்த்து மீட்டர்காரர் நின்றுவிட்டார்.

"மச்சான்! நீங்க எங்க இங்க? கடை?"

"பூட்டிட்டு வந்துட்டேன் மாப்ளே. இந்தக் கழுத்து உயிரை எடுக்குது. எங்கெங்கயோ காட்டிப் பாத்தாச்சு. உன் காலையே சரி பண்ணினவங்க, என் கழுத்தைச் சரி பண்ண மாட்டாங்களா?"

மீட்டர்காரர் மச்சானை வரிசையிலிருந்து ஓரமாக இழுத்தார். "என் காலைச் சரி பண்ணினதே நீங்கதானே மச்சான்! உங்க கையால, உங்க இடுக்கியால!"

மச்சான் சின்னப்பிள்ளையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"அட போ மாப்ளே. நான் என்னத்த பண்ணினேன், ரெண்டு நிமிஷம் இழுத்தேன். பதினோரு வாரம் அவங்க உள்ளயிருந்து இளக்கி வெச்சதாலதான அது என் கைக்கு வந்துச்சு? பேப்பர்ல அவ்வளவு விளக்கமாப் போட்டிருக்கான். கீழ உன் கையெழுத்தும் இருக்கே. அந்த இடுக்கியைக் கூட அவங்க மரியாதையாக் கேட்டாங்க, கொடுத்துட்டேன். கண்ணாடிப் பெட்டியில வெக்கப் போறாங்களாம். நம்ம குடும்பத்துக்கே பெருமை இல்லையா?"

"மச்சான், அந்தக் கையெழுத்து..."

அதற்குள் ஜன்னல் திறந்தது. ஒருங்கிணைப்பு மேடம் எட்டிப் பார்த்து மீட்டர்காரரை அடையாளம் கண்டுகொண்டு கையசைத்தார். வரிசை மொத்தமும் திரும்பியது. "அவர்தான், அவர்தான்" என்று பின்னாலிருந்து கேட்டது. பல்லைப் பிடித்திருந்தவர் கும்பிடவே செய்தார். சான்றிதழை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது மீட்டர்காரருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சொல்ல வந்ததை அவர் பாதியில் நிறுத்தியதற்கு அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அவர் தன் இடது காலைப் பார்த்தார். கொஞ்சமும் வலிக்கவில்லை. கூழாங்கல்லில் அத்தனை நாள் நடந்ததில் உள்ளே கொஞ்சமாவது இளகியிருக்காதா என்ற சந்தேகம் இரண்டு வாரமாக அவருக்கே இருந்தது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. போன வாரம் முதுகு பிடித்துக்கொண்டபோது, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு பித்தளைக் கிண்ணத்தை எடுத்துக் கரண்டியால் தட்டிக்கூடப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லு மாப்ளே" என்றார் மச்சான். மீட்டர்காரரின் முகத்தை நேராகப் பார்க்க அவர் உடம்பை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. "பலன் இருக்குல்ல?"

வரிசையில் இருந்த எல்லோரும் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மீட்டர்காரர் நோட்டைத் திறந்து, அன்றைய தேதியைப் போட்டார்.

"இருக்கு மச்சான். ஆனா பொறுமை வேணும். பதினோரு வாரம் ஆகும்."